விதானையார் கடிதமும் டி.பி.எஸ் தாளும்

லண்டனில் ஒரு சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் அ, ஆ படிப்பிக்க வருகிறேன் என்று ஒருவர் சொன்னால், பாடப் புத்தகம் கைக்கு வருமுன் ஒரு விண்ணப்பம் வரும். டி.பி.எஸ் என்று எங்கள் ஆட்கள் சாதாரணமாகச் சொல்லிக்கொள்ளும் குற்றப் பதிவுச் சோதனைக்கான விண்ணப்பம். வாழ்நாளில் ஒரு பார்க்கிங் தண்டம்கூடக் கட்டாதவரையும் திணற வைக்கும் கேள்வி ஒன்று அதில் உண்டு: இதுவரை பாவித்த எல்லாப் பெயர்களையும், எப்போதிலிருந்து எப்போதுவரை பாவித்தீர்கள் என்பதோடு எழுதுங்கள்.

எங்களுக்கு இது லேசான கேள்வி இல்லை. ஊரில் தகப்பன் பெயர் முன்னால் வரும். இங்கே வந்ததும் அது பின்னால் போய்க் குடும்பப் பெயராகிவிடும். அந்த வழக்கப்படி ஒரே வீட்டில் தாத்தாவுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று, பேரனுக்கு ஒன்று என்று மூன்று குடும்பப் பெயர்கள். கலியாணம் கட்டிய பெண்ணுக்குத் தகப்பன் பெயர் போய்ப் புருஷன் பெயர் வரும். போதாக்குறைக்கு, அகதி விண்ணப்பம் கொடுத்த அன்று மொழிபெயர்ப்பாளர் போட்ட எழுத்துக்கூட்டல் ஒன்று, கடவுச்சீட்டில் ஒன்று, வங்கியில் இன்னொன்று. "இவ்வளவு கரைச்சல் எதுக்கு, நான் என்ன கள்ளனோ?" என்று சலித்துக்கொள்பவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பெயர் பற்றிய அந்தக் கேள்வி ஏன் இவ்வளவு கண்டிப்பாகக் கேட்கப்படுகிறது என்று தேடிப் போனால், இந்தச் சோதனை முறை முழுவதின் பலமும் பலவீனமும் அங்கேயே தெரிந்துவிடும்.

கேம்பிரிட்ஜ்ஷயரில் சோஹம் என்றொரு சிறு நகரம். 2002 ஓகஸ்ட் 4ஆம் திகதி அங்கே பத்து வயதுச் சிறுமிகள் இருவர் காணாமற் போனார்கள். அவர்களைக் கொன்றவர் இயன் ஹன்ட்லி. அந்த ஊர் உயர்நிலைப் பாடசாலையின் கெயார்டேக்கர். (சிறுமிகள் படித்தது அங்கே இல்லை, பக்கத்து ஆரம்பப் பாடசாலையில். ஹன்ட்லியின் துணைவி அங்கே உதவியாளராக இருந்ததால் பிள்ளைகளுக்கு அந்த வீட்டுக்காரரைத் தெரிந்திருந்தது.) 2003 டிசம்பர் 17இல் தீர்ப்பு வந்த பிறகுதான் மிச்சக் கதை வெளியில் வந்தது. 1995க்கும் 1999க்கும் இடையில், ஹம்பர்சைட் பொலிஸ் பிரிவில், ஹன்ட்லி மீது எட்டுத் தடவை பாலியல் குற்றச்சாட்டுகள் எழுந்திருந்தன. ஒன்றிலும் தண்டனை இல்லை. அப்படிப்பட்டவருக்குப் பாடசாலைச் சாவிக்கொத்து எப்படிப் போனது என்று கேட்க சேர் மைக்கல் பிச்சார்ட் தலைமையில் விசாரணை நடந்தது. 2004 ஜூனில் 31 பரிந்துரைகளோடு அறிக்கை வந்தது.

அந்த அறிக்கையை வாசிக்காதவர்கள் பலர், சோதனையே செய்யாமல் வேலை கொடுத்துவிட்டார்கள் என்று இன்றும் நினைக்கிறார்கள். சோதனை நடந்தது. 2001இல் அவர் விண்ணப்பித்தபோது தாயின் கன்னிப் பெயரான நிக்சன் என்ற பெயரைப் பாவித்தார். முன்பு ஹன்ட்லி என்று அழைக்கப்பட்டதையும் சொல்லியிருந்தார். கேம்பிரிட்ஜ்ஷயர் பொலிஸ் கணினியில் தேடியது நிக்சன் என்ற பெயரை மட்டும். நிக்சன் மீது ஒன்றும் இல்லை. ஹம்பர்சைட்டுக்குக் கேட்டு அனுப்பியதாகச் சொல்லப்பட்ட தொலைநகல் போய்ச் சேர்ந்ததற்குத் தடயம் கிடைக்கவில்லை.

சரி, அது போய்ச் சேர்ந்திருந்தாலும்? ஹம்பர்சைட்டில் எடுத்துக் கொடுக்கப் பெரிதாக ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. ஒவ்வொரு முறைப்பாட்டையும் ஒவ்வொரு அதிகாரி தனியாகப் பார்த்தார். தனியாகக் கோப்பை மூடினார். பதிவுகள் பல அழிக்கப்பட்டிருந்தன. தரவுப் பாதுகாப்புச் சட்டம்தான் அழிக்கச் சொன்னது என்று பொலிஸ் தரப்பு சொன்னதை பிச்சார்ட் ஏற்கவில்லை. வடகிழக்கு லிங்கன்ஷயர் கவுன்சிலின் சமூக சேவைப் பிரிவுக்கும் சில முறைப்பாடுகள் போயிருந்தன. அங்கேயும் யாரும் முன்னையதையும் பின்னையதையும் சேர்த்துப் பார்க்கவில்லை. எட்டுத் துண்டுகளும் ஒரே மேசைக்கு ஒருபோதும் வரவில்லை.

இன்றைய டி.பி.எஸ் சான்றிதழில் ஒருவர் மீது எதுவும் இல்லாவிட்டால் அச்சடித்து வரும் சொற்கள், தமிழில் சொன்னால், 'பதிவு எதுவும் இல்லை'. குற்றம் இல்லை என்று அது சொல்வதில்லை. அந்த வித்தியாசத்தை எழுதியவர்களுக்குத் தெரியும். வாங்கிக் கோப்பில் போடுபவர்களுக்குத்தான் அடிக்கடி மறந்துபோகிறது.

இதற்கு முந்திய கதை ஒன்றும் இருக்கிறது. சோஹம் அளவுக்கு இந்தச் சட்ட வரலாற்றில் அது பேசப்படுவதில்லை. ஆனால் உள்ளூராட்சியில் வேலை செய்பவர்களுக்கு அதுதான் நெருக்கமான கதை என்பது என் எண்ணம். ஸ்கொட்லாந்தில் தொமஸ் ஹமில்டன் என்பவர் 1970களில் சாரணர் இயக்கத்திலிருந்து நீக்கப்பட்ட பிறகு, தானாகவே சிறுவர் கழகங்கள் நடத்தத் தொடங்கினார். மண்டபம்? கவுன்சிலுக்குச் சொந்தமான பாடசாலை மண்டபங்களை வாடகைக்கு எடுத்தார். பிள்ளைகளை நடத்தும் விதம் பற்றிப் பெற்றோரிடமிருந்து முறைப்பாடுகள் வந்தன. 1983இல் மத்திய பிராந்திய கவுன்சில் டன்பிளேன் உயர்நிலைப் பாடசாலை மண்டபத்தை அவருக்குக் கொடுப்பதை நிறுத்தியது. அவர் ஒம்புட்ஸ்மனிடம், அதாவது கவுன்சில்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் அதிகாரியிடம் போனார். அவருக்கு ஆதரவாகக் கையெழுத்து வைத்த பெற்றோரும் இருந்தார்கள். 1984இல் தீர்ப்பு அவர் பக்கம்: வதந்தியை வைத்து, அந்த மனிதரின் பக்கத்தைக் கேளாமல் முடிவெடுத்தது கவுன்சிலின் நிர்வாகத் தவறு. மண்டபம் திரும்பக் கிடைத்தது.

1996 மார்ச் 13ஆம் திகதி அவர் டன்பிளேன் ஆரம்பப் பாடசாலைக்குள் நுழைந்து 16 பிள்ளைகளையும் அவர்களின் ஆசிரியையையும் சுட்டுக் கொன்று, தன்னையும் சுட்டுக்கொண்டார். துப்பாக்கிகள் பொலிஸ் அனுமதிப் பத்திரத்தோடு வைத்திருந்தவை. குற்றத் தண்டனை எதுவும் அவர் பெயரில் இருக்கவில்லை. இன்றைய சோதனையின் முதல் இரு படிகளை அன்று செய்திருந்தால் அவருக்கு வெள்ளைத் தாள்தான் கிடைத்திருக்கும்.

ஒம்புட்ஸ்மன் சொன்னது அநியாயம் என்று இப்போது சொல்வது சுலபம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஊர்ப் பேச்சை நம்பி ஒருவருக்குக் கதவடைக்க ஒரு கவுன்சிலுக்கு உரிமை இருந்தால், அந்த உரிமை முதலில் பாயப்போவது வேற்று மொழி பேசுகிறவர் மீதும், தனியாக வாழ்கிறவர் மீதும், பக்கத்து வீட்டாருக்குப் பிடிக்காதவர் மீதும்தான். சந்தேகத்துக்கும் பதிவுக்கும் நடுவில் ஒரு படி அன்று இல்லாமலிருந்தது. சந்தேகத்தை யார் எழுதி வைப்பது, யார் எடைபோடுவது, சம்பந்தப்பட்டவருக்குப் பதில் சொல்ல எப்போது இடம் கொடுப்பது என்ற ஒழுங்கு. டன்பிளேன் கொலைகள் பற்றி லோர்ட் கலன் தலைமையில் நடந்த விசாரணை துப்பாக்கிகளைப் பற்றி மட்டும் பேசவில்லை. பிள்ளைகளுக்கான கழகங்களுக்கு ஒரு தேசிய அமைப்பின் அங்கீகாரம் வேண்டும் என்றும் சொன்னது. அடுத்த ஆண்டே வந்த 1997ஆம் ஆண்டுப் பொலிஸ் சட்டத்தின் ஐந்தாம் பகுதிதான் இன்றைய சோதனைகளுக்கு அடித்தளம்.

அதற்கு முன் இதெல்லாம் எப்படி நடந்தது? யாழ்ப்பாணத்தில் வேலைக்குப் போக விதானையார் ஒரு கடிதம் கொடுப்பார். இப்போது கிராம அலுவலர் கொடுக்கும் வதிவிட, நற்சான்றுப் பத்திரம். 'இவரை எனக்கு இத்தனை வருடமாகத் தெரியும், நன்னடத்தை உடையவர்.' விதானையாருக்கு ஆளின் முகம் தெரியும், தகப்பனைத் தெரியும், எந்த ஒழுங்கையில் எந்த வீடு என்று தெரியும். இங்கிலாந்திலும் பாதிரியாரோ நீதிவானோ பழைய முதலாளியோ எழுதிய கடிதம் அதே வேலையைச் செய்தது. அதன் கோளாறும் நமக்குத் தெரிந்ததுதான்: வேண்டியவன் நல்லவன், வேண்டாதவன் கூடாதவன். ஊரில் மதிப்பானவர் செய்த காரியம் கடிதத்தில் ஏறாது. முகம் தெரிந்தவரின் வாய்ச்சொல்லை விட்டுவிட்டு, முகம் தெரியாத பதிவேட்டை நம்புவது என்று 1990களில் இந்த நாடு தீர்மானித்தது. குற்றப் பதிவுப் பணியகம், சி.ஆர்.பி, 2002 மார்ச்சில் வேலையைத் தொடங்கியது. அந்தக் கோடையிலேயே விண்ணப்பங்கள் மலையாகக் குவிந்து, செப்டெம்பரில் பாடசாலை தொடங்கும்போது சோதனை முடியாத ஆசிரியர்கள் வெளியில் நின்றார்கள். 2012 டிசம்பரில் அது இன்னொரு அமைப்போடு சேர்க்கப்பட்டு டி.பி.எஸ் ஆனது. இப்போது ஆண்டுக்கு 70 லட்சம் அளவில் சான்றிதழ்கள் போகின்றன. ஸ்கொட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் தனி அமைப்புகள் உண்டு. இங்கே சொல்வது இங்கிலாந்து, வேல்ஸ் நிலவரம்.

சோதனையில் படிகள் உண்டு. அடிப்படைச் சோதனையை யாரும் எடுக்கலாம். காலம் கடந்து 'கழிந்துபோகாத' தண்டனைகளை மட்டும் அது காட்டும். 1974ஆம் ஆண்டுக் குற்றவாளிகள் மறுவாழ்வுச் சட்டப்படி, குறிப்பிட்ட காலம் ஒழுங்காக இருந்தவரின் பழைய தண்டனை கழிந்ததாகிவிடும்; பிறகு சாதாரண வேலைக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. அடுத்த படி, கழிந்தவற்றையும் சேர்த்துக் காட்டும். அதற்கு மேலே இருப்பது உயர்நிலைச் சோதனை. பிள்ளைகளோடும் நலிந்த பெரியவர்களோடும் வேலை செய்பவர்களுக்கானது. இதில் பதிவேட்டோடு உள்ளூர்ப் பொலிஸின் தகவலும் வரலாம்: தண்டனை இல்லாவிட்டாலும், இந்த வேலைக்குச் சம்பந்தமானது, சொல்லவேண்டியது என்று பொலிஸ் அதிகாரி நியாயமாகக் கருதும் தகவல். கடைசிப் படியில் தடைப் பட்டியலும், அதாவது இவர்களோடு வேலை செய்யத் தடைசெய்யப்பட்டவர்களின் பட்டியலும், பார்க்கப்படும். அந்தப் பட்டியலில் பெயர் உள்ளவர் அப்படிப்பட்ட வேலைக்கு விண்ணப்பிப்பதே குற்றம். தெரிந்துகொண்டு வேலை கொடுப்பதும் குற்றம்.

கவுன்சில் தன் ஊழியர் எல்லாரையும் உயர்நிலைச் சோதனைக்கு அனுப்பலாமா? முடியாது. சமூக சேவையாளர், பாடசாலைக் கெயார்டேக்கர், வளர்ப்புப் பெற்றோர், அந்த வீட்டில் இருக்கும் 18 வயது தாண்டிய எல்லாரும் இதற்குள் வருவார்கள். குப்பை வண்டி ஓட்டுபவரும், கவுன்சில் வரிக் கணக்குப் பார்ப்பவரும் வரமாட்டார்கள். அவர்களுக்கு உயர்நிலைச் சோதனை கேட்பது கவுன்சிலின் தவறாகும். எதற்கும் ஒன்று எடுத்து வைப்போம் என்ற எண்ணத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. நடைமுறையில் அந்த எண்ணம் எங்கும் இருக்கிறது. தொண்டருக்கும் இதே அளவுகோல்தான், சம்பளம் கணக்கில்லை. கிழமைக்கு ஒரு முறையோ, 30 நாளில் நான்கு முறையோ பிள்ளைகளைத் தன் பொறுப்பில் வைத்திருந்தால் அந்தத் தொண்டர் உள்ளே வந்துவிடுவார். பாடசாலை ஆளுநர் சபையில் சம்பளமில்லாமல் இருப்பவர்களுக்கும் 2016இலிருந்து உயர்நிலைச் சோதனை கட்டாயம். 2024 டிசம்பரில் உயர்நிலைச் சோதனைக் கட்டணம் 49.50 பவுண் ஆனது. தொண்டருக்கு இலவசம், இடையில் நிற்கும் நிறுவனங்கள் அறவிடும் நிர்வாகச் செலவைத் தவிர.

இனி மறுபக்கம். வலையின் கண்ணைச் சிறிதாக்கினால் என்னென்ன மீன் அகப்படும் என்பதற்கு நீதிமன்றங்களில் நல்ல சாட்சி இருக்கிறது. வழக்குகளில் பெயருக்குப் பதில் எழுத்துகள்தான்; அப்படியே சொல்கிறேன்.

டி என்பவருக்கு 11 வயதில், இரண்டு சைக்கிள்கள் களவுபோனது தொடர்பாகப் பொலிஸ் எச்சரிக்கை; நீதிமன்றம் போகாமலே பதிவில் ஏறும் எச்சரிக்கை அது. 17 வயதில் ஒரு உதைபந்தாட்டக் கழகத்தில் பகுதிநேர வேலைக்குப் போனபோது அது சான்றிதழில் வந்து நின்றது. 19இல் விளையாட்டுத் துறைப் படிப்புக்குப் போனபோதும் வந்தது. ஜே.பி என்ற பெண், 41 வயதில், கடையில் ஒரு பெட்டி செயற்கை நகங்களை எடுத்ததற்காக 2001இல் எச்சரிக்கப்பட்டார். எட்டு வருடத்துக்குப் பிறகு பராமரிப்பு வேலை தேடியபோது அந்த நகங்கள் கதவை மூடின. 2014இல் உச்ச நீதிமன்றம் டியின் பக்கமும் ஜே.பியின் பக்கமும் நின்றது. அந்த வழக்கு மேலே போய்க்கொண்டிருந்தபோதே, 2013இல், அரசு ஒரு வடிகட்டியைக் கொண்டுவந்திருந்தது: சிறிய, பழைய, ஒற்றைத் தண்டனைகள் இனிச் சான்றிதழில் வராது.

ஒற்றை என்ற சொல்லில்தான் பி மாட்டிக்கொண்டார். 1999இல் அவருக்கு வயது 28, வீடில்லை, சிஸோஃப்ரினியா என்ற மனநோய் இருந்தும் யாரும் அதைக் கண்டுபிடித்திருக்கவில்லை. ஒரு சான்ட்விச் எடுத்ததற்கு எச்சரிக்கை. அடுத்து 99 பென்ஸ் பெறுமதியான ஒரு புத்தகம் எடுத்ததற்கு வழக்கு. பிணையில் விடப்பட்டவர் தவணைக்கு வராததால் இன்னொரு குற்றம். ஆக இரண்டு தண்டனைகள், ஒரே நாளில். குணமாகி, உதவி ஆசிரியையாக வர விரும்பினார். ஒன்றுக்கு மேற்பட்ட தண்டனை இருந்தால் அந்தத் தண்டனைகள் எல்லாமே ஆயுள் முழுக்க வரும் என்பது அந்த வடிகட்டியின் விதி. ஒவ்வொரு விண்ணப்பத்திலும் அந்தத் தண்டனைகளிலிருந்து தொடங்கித் தன் நோயின் கதையை அந்நியர்களுக்குச் சொல்லவேண்டியிருந்தது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த விதி பொருத்தமற்றது என்றது. 2020 நவம்பர் 28இலிருந்து அது இல்லை. 18 வயதுக்குள் கிடைத்த எச்சரிக்கைகளும் அன்றிலிருந்து தானாக வருவதில்லை. வயது வந்தவரின் எச்சரிக்கை 6 வருடத்திலும், சிறைக்குப் போகாத தண்டனை 11 வருடத்திலும் விழுந்துவிடும். பாலியல், வன்முறைக் குற்றப் பட்டியலில் உள்ளவை விழாது.

99 பென்ஸ் புத்தகத்தைப் பிடிக்கும் கண்ணிக்குள் ஹன்ட்லி அகப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். பி மீது இருந்தவை தண்டனைகள், ஆகவே பதிவாகி இருந்தன. ஹன்ட்லி மீது இருந்தவை முறைப்பாடுகள், ஆகவே அழிந்துபோயின. பதிவேட்டுக்குப் பாரம் தெரியாது. ஏறியதா, இல்லையா என்பது மட்டும்தான் தெரியும்.

அப்படியானால் முறைப்பாடுகளையும் எழுதி வைத்துச் சொல்லிவிட்டால்? சோஹமுக்குப் பிறகு அதைத்தான் செய்யப் பார்த்தார்கள். எல் என்ற தாய் ஒரு பாடசாலையில் மதிய உணவு நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்தார். குற்றம் எதுவும் இல்லாதவர். 2004 டிசம்பரில் வந்த சான்றிதழில் பொலிஸ் எழுதியது: அவரது 13 வயது மகன் புறக்கணிப்புக் காரணமாகச் சிறுவர் பாதுகாப்புப் பதிவேட்டில் இருந்தவன், தாய் சமூக சேவையாளர்களோடு ஒத்துழைக்கவில்லை. வேலை போனது. 2009இல் உச்ச நீதிமன்றம் அவரது முறையீட்டை ஏற்கவில்லை. ஆனால் அதே தீர்ப்பில், இனிமேல் பொலிஸ் 'சொல்லிவிடுவதே பத்திரம்' என்ற சாய்வோடு தொடங்கக்கூடாது, அந்த மனிதரின் வாழ்க்கையையும் தராசில் வைக்கவேண்டும், சந்தேகமான இடங்களில் சொல்வதற்கு முன் அவரிடம் கேட்கவேண்டும் என்றது. எல்லுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை; அவருக்குப் பின் வந்தவர்களுக்குக் கிடைத்தது. பாலியல் வல்லுறவு வழக்கில் நடுவர் குழுவால் விடுவிக்கப்பட்ட ஒருவரின் சான்றிதழில் அந்த வழக்கையே குறிப்பிட்டது சரிதான் என்று 2018இல் அதே நீதிமன்றம் சொன்னது. விடுதலை பெற்றவர் என்றும் அந்தத் தாளில்தான் எழுதியிருந்தது. அதை வாசித்துவிட்டு எந்த முதலாளி வேலை கொடுப்பார் என்ற கேள்விக்கு நீதிபதிகளிடமும் பதில் இருக்கவில்லை.

பிச்சார்ட்டின் முதல் பரிந்துரை, நாடு முழுவதற்கும் ஒரே பொலிஸ் தகவல் கணினி. அது இயங்கத் தொடங்கியது 2011இல், ஏழு வருடம் கழித்து. அதே காலத்தில் அரசியல்வாதிகளின் கண் வேறு எங்கோ இருந்தது. பிள்ளைகளோடு பழகும் எல்லாரையும் முன்கூட்டியே பதிவுசெய்வது என்ற திட்டம் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. முதல் மதிப்பீடு 1 கோடியே 13 லட்சம் பேர். பாடசாலைக்கு ஒருநாள் கதை சொல்ல வரும் எழுத்தாளர்களும் 64 பவுண் கட்டிப் பதியவேண்டுமா என்று கூச்சல் எழுந்தது. பிள்ளைகளைக் காரில் ஏற்றிப் போகும் பெற்றோரும் உள்ளேயா என்று பத்திரிகைகள் கேட்டன. 90 லட்சமாகக் குறைத்துப் பார்த்தார்கள். 2010 ஜூனில் புதிய அரசில் உள்துறைச் செயலாளராக வந்த தெரேசா மே நிறுத்திவிட்டார். 2012ஆம் ஆண்டுச் சட்டம் அளவைச் சுருக்கியது.

சுருக்கியபோது ஒரு ஓட்டையும் விழுந்தது. வேறொருவரின் மேற்பார்வையில் இருக்கும் தொண்டருக்குத் தடைப் பட்டியலைப் பார்க்க முடியாது என்றானது. அதாவது பட்டியலில் இருக்கும் ஒருவர், ஆசிரியையின் கண்பார்வையில் பிள்ளைகளுக்கு வாசிப்புச் சொல்லிக்கொடுக்க வந்தால், பாடசாலைக்கு அது தெரிய வழியில்லாமல் போனது. சிறுவர் பாலியல் துன்புறுத்தல் பற்றிய சுயாதீன விசாரணை 2022 ஒக்டோபரில் வெளியிட்ட இறுதி அறிக்கையில் இதை மாற்றச் சொன்னது. 2025இல் நாடாளுமன்றத்துக்கு வந்த குற்ற, பொலிஸ் மசோதாவில் இந்த விலக்கை நீக்கும் பிரிவு சேர்க்கப்பட்டது.

கவுன்சிலர்கள்? ஊழியரையும் தொண்டரையும் இப்படிச் சல்லடையில் போடும் கவுன்சிலை நடத்துபவர்களுக்குப் பொதுவாக இந்தச் சோதனை கிடையாது. 1972ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டப்படி, கடந்த ஐந்து வருடத்தில் மூன்று மாதமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றவர் நிற்க முடியாது. 2022இலிருந்து பாலியல் குற்றவாளிப் பதிவேட்டுக் கட்டுப்பாட்டில் உள்ளவரும் நிற்க முடியாது. மற்றவர்களை வாக்காளர் தீர்மானிப்பார். ஜனநாயகத்தில் அது நியாயமான ஏற்பாடுதான். ஆனால் சிறுவர் சேவைக் குழுவில் உட்காரும் கவுன்சிலர் வாக்காளரிடம் கேட்டு அங்கே உட்காருவதில்லை. இந்தச் சோதனை முறை பற்றி அரசுக்காக சைமன் பெய்லி நடத்திய மீளாய்வு 2023இல், அப்படிப்பட்ட குழுக்களுக்கு நியமிக்கப்படும் கவுன்சிலர்களுக்கு உயர்நிலைச் சோதனை கட்டாயமாகவேண்டும் என்றது.

டாக்சி ஓட்டுநர்களுக்கோ நேர்மாறு. அவர்கள் கவுன்சிலின் ஊழியர் இல்லை, அனுமதிப் பத்திரம் பெற்றவர்கள் மட்டுமே. ஆனால் வட இங்கிலாந்து நகரமான ரொதரமில் 1997க்கும் 2013க்கும் இடையில் சுமார் 1,400 பிள்ளைகள் பாலியல் சுரண்டலுக்கு ஆளானார்கள் என்று 2014இல் வந்த அலெக்ஸிஸ் ஜே அறிக்கை மதிப்பிட்டது. சில டாக்சி ஓட்டுநர்களுக்கு அதில் பங்கு இருந்தது. 2020 ஜூலையில் வந்த அரசின் நியமங்களின்படி அவர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சோதிக்கப்படவேண்டும். எங்கள் ஆட்களில் இரவில் டாக்சி ஓட்டிச் சனிக்கிழமை தமிழ் படிப்பிப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருவரைப் பற்றி அரசு வைத்திருக்கும் தாள்களின் எண்ணிக்கை, அவரது வட்டாரக் கவுன்சிலரைப் பற்றி வைத்திருப்பதைவிடக் கூட.

வெளிநாட்டிலிருந்து வந்தவர் கதை இன்னும் வேறு. டி.பி.எஸ் தேடுவது பிரித்தானியப் பொலிஸ் பதிவுகளை. முப்பது வருடம் வவுனியாவிலோ திருச்சியிலோ இருந்துவிட்டு இரண்டு வருடம் முன் வந்தவரின் தாள் வெள்ளையாக வந்தால், அது அந்த இரண்டு வருடத்தைப் பற்றிய தாள்தான். ஆகவே சொந்த நாட்டிலிருந்து பொலிஸ் ரிப்போர்ட் எடுத்து வரச் சொல்வார்கள். தமிழ்நாட்டுக்காரருக்கு இது அலைச்சல், அவ்வளவுதான். இலங்கைப் பொலிஸிடமிருந்து தப்பி வந்து அகதி அந்தஸ்துப் பெற்ற ஒருவரிடம், அதே பொலிஸிடம் போய் நன்னடத்தைச் சான்று வாங்கி வா என்று சொன்னால் அவர் சிரிப்பதா அழுவதா? கிடைக்காத இடத்தில் வேறு வழியில் விசாரித்து, ஆபத்தை எடைபோட்டு முடிவெடுக்கலாம் என்று பாடசாலைகளுக்கான அரசு வழிகாட்டலே சொல்கிறது. அதாவது தெரிந்தவர்களிடம் கேளுங்கள் என்கிறது. சுற்றிச் சுற்றி விதானையார் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கிறோம்.

வந்து நிற்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. சான்றிதழுக்குக் காலாவதித் திகதி கிடையாது; அச்சடித்த நாளின் நிலவரம் அது, மறுநாள் காலை பழசு. மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதிதாக எடுப்பது பல இடங்களில் வழக்கம், சட்டம் இல்லை. 2013இலிருந்து சான்றிதழ் நேரே விண்ணப்பித்தவரின் வீட்டுக்குத்தான் போகும். பொறுப்பாசிரியர் அதைக் கையில் வாங்கி, மூலப் பிரதிதானா என்று பார்த்து, இலக்கத்தைக் குறித்துக்கொள்ளவேண்டும். இவ்வளவும் ஐந்து நிமிட வேலை. முந்திய இடத்தில் ஏன் விட்டீர்கள், இடையில் இரண்டு வருடம் எங்கே இருந்தீர்கள் என்று கேட்பதும், பரிந்துரை தந்தவரைத் தொலைபேசியில் பிடிப்பதும்தான் நேரம் எடுக்கும். எங்கள் சமூகத்தில் அது சங்கடமும்கூட. கோயில் தலைவரின் மச்சான் என்றால் யார் கேட்பது?

சோஹம் பாடசாலையிடம் ஹன்ட்லி கொடுத்த பரிந்துரைக் கடிதங்கள் இருந்தன. 'சம்பந்தப்பட்டவர்களுக்கு' என்று தொடங்கும், யாருக்கும் கொடுக்கக்கூடிய பொதுக் கடிதங்கள். அவற்றை எழுதியவர்களிடம் பாடசாலை நேரே விசாரிக்கவில்லை.